இஸ்திரி போட்ட அரை ஏக்கர்

வலது கை டோசரின் மண் தள்ளும் பிளேடை ஒரு சாண் உயர்த்தியது. இடது கை வண்டியைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பியது. வலது கை பிளேடைப் பொத்தென்று கீழே விட்டது. மண் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் குலைந்து நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. சரி என்று கைகள் அடுத்த இடத்துக்கு நகர்ந்தன. ஆனால் போகிற போக்கில் வலது கை, சர்க்கரை டப்பாவைத் தேடிப் போகும் குழந்தையின் கை மாதிரி, லீவரை லேசாகத் தளர்த்தி, இப்போதுதான் எழுப்பிய மேட்டின் தலையைத் தடவிச் சமன் செய்துவிட்டது. உடனே இடது கை வண்டியை நிறுத்தியது. வந்த வழியே பின்னால் போய், சமனான இடத்தை மறுபடி கெடுத்துவிட்டுத்தான் இரண்டு கைகளும் முன்னேறின.

முப்பத்தைந்து வருஷம் ஒழுங்காக இருந்த கைகளுக்கு ஒழுங்கீனம் பழக்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்தக் கைகளின் சொந்தக்காரரைச் சுரங்கத்தில் எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைப் படிக்கிற குமாஸ்தாவே இஸ்திரியைக் கூப்பிடு என்றுதான் சொல்வார். அவர் டோசர் ஓட்டிவிட்டுப் போன தரை இஸ்திரி போட்ட வேட்டி போல இருக்கும் என்பதால் வந்த பெயர். அவருடைய சட்டை மட்டும் என்றைக்கும் இஸ்திரி கண்டதில்லை. டோசர் கேபினில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து குலுங்குகிறவன் சட்டைக்கு மடிப்பு எதற்கு என்பது அவர் வாதம். மனைவியின் வாதம் வேறு. இந்த மனிதர் மண்ணுக்குச் செய்கிற சேவையில் பத்தில் ஒரு பங்கைத் துணிக்குச் செய்தால் நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்பது.

பத்தொன்பது வயதில் சாலை போடும் இடத்தில் வண்டிகளுக்குக் கிரீஸ் அடிக்கச் சேர்ந்தவர். ஆபரேட்டர்கள் டீ குடிக்கப் போகும் இடைவெளியில் ஏறி உட்கார்ந்து, திட்டு வாங்கி இறங்கி, மறுபடி ஏறிக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவர் என்று ஒருவர் பெயரையும் அவரால் சொல்ல முடியாது. ஒரே ஒரு கண்ணாடி டம்ளர்தான். அதில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு தகர டப்பாவில் களிமண் வைத்து அதில் பதித்து, லீவர்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். டம்ளரின் வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு இறங்கினால் வண்டி சாய்கிறது, வண்டி சாய்ந்தால் தரை சாய்கிறது. என்ஜினியர்கள் மூன்று கால் கருவியை வைத்து அரை மணி நேரம் பார்த்து எழுதுகிற அளவை அவர் டம்ளரைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் கருவியைத்தான் பழுது பார்க்க அனுப்புவார்கள் என்று கேன்டீனில் ஒரு கதை உண்டு. அதை அவர் மறுத்ததும் இல்லை.

வேலை முடியும்போது அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. பிளேடை அழுத்தாமல் தரைமேல் மிதக்கவிட்டு, வண்டியைப் பின்னோக்கி எடுப்பார். தன்னுடைய செயின் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு போவார். கடைசியில் அங்கே ஒரு வண்டி வந்து போனதற்கான அடையாளமே இருக்காது. பூமி தானாகவே அப்படி வழவழவென்று பிறந்தது போலிருக்கும்.

இந்தக் கை சுத்தம்தான் அவர் குடும்பத்துக்குள் ஒரு பகையைக் கொண்டு வந்தது. பகை என்பதுகூடப் பெரிய வார்த்தை. பகையாக இருந்திருந்தால் பேச்சு நின்றிருக்கும். இது நிற்கவே இல்லை.

சுரங்கம் தோண்ட எடுத்த நிலத்தில் எண்பது ஏக்கர் அவர் மனைவியின் அண்ணனுடையது. மாடு மேய்க்கிற நிலம். நிலத்தைக் குத்தகைக்குத்தான் கொடுத்தார். நிலக்கரி எடுத்து முடிந்ததும் மேய்ச்சலுக்கு உகந்தபடி திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் செருகியிருந்தார். முதல் நாள் மேல்மண்ணை வழிக்க வண்டி வந்தபோது அண்ணன் வேலியோரம் நின்று பார்த்தார். வண்டியில் இருந்தவர் தங்கையின் புருஷன். அன்றைக்கு அவருடைய ஷிப்ட். வேறு காரணம் எதுவுமில்லை. இஸ்திரி தன் வழக்கப்படி புல்லையும் வேரையும் ஒரே சீராக வழித்து, மேல்மண்ணை ஓரமாக அழகாகக் குவித்து, பின்னோக்கி ஓட்டித் தடத்தை அழித்து, இறங்கி வந்தார்.

"ரொம்ப வழவழன்னு பண்ணியிருக்கீங்க மாப்ளே" என்றார் மச்சான். "என் மாடு வந்தா வழுக்கி விழும். நல்லவேளை, இனிமே வராது."

அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும் இதே பேச்சுதான். சாப்பாட்டு மேசை துடைத்து வைத்திருந்தால், மாப்பிள்ளை துடைத்ததா என்று கேட்பார். யாருக்காவது தலை வழுக்கை விழுந்தால், மாப்பிள்ளை வண்டி அந்தப் பக்கம் போனதா என்பார். இஸ்திரி சிரித்துக்கொள்வார். மனைவி சிரிக்க மாட்டாள். அண்ணனுடைய மாடுகள் ஐம்பத்திரண்டிலிருந்து முப்பதாகி, சாலையோரப் புல்லை மேய்ந்து லாரிக்கு ஒதுங்கி, பத்தொன்பதில் வந்து நின்றதை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மாடு குறையும்போதும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கூடியிருக்கும். இஸ்திரி சாப்பிட்டுவிட்டு, கூட ஒரு சொம்பு தண்ணீர் குடித்து எழுந்துகொள்வார்.

பன்னிரண்டு வருஷத்தில் கரி தீர்ந்தது. ஆட்களை வேறு சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். இஸ்திரியை மட்டும் மேலாளர் கூப்பிட்டு, குழியை மூடி நிலத்தைப் பழையபடி ஆக்குகிற வேலை இருக்கிறது, தோண்டினவரே மூடினால்தான் பொருத்தம் என்றார். நிலத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். கீழே தட்டையான பதினைந்து ஏக்கர் உழவுக்கு. நடுவில் ஐம்பத்தைந்து மேய்ச்சலுக்கு. பின்னால் பத்து ஏக்கர் காட்டு உயிர்களுக்கு. இதையெல்லாம் வரைபடத்தில் மூன்று வண்ணத்தில் தீட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இஸ்திரி அதைப் பார்த்தவுடன் செய்த முதல் காரியம், கோணலாக இருந்த வரைபடத்தை நேராக ஒட்டியதுதான்.

வாழ்க்கையில் அவர் இவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை. குழியை நிரப்பினார். சரிவை வடித்தார். தன் கையால் என்றைக்கோ குவித்த மேல்மண்ணைத் தானே எடுத்துப் பரப்பினார். எட்டு மாதம் டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. முடித்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்கூட்டரில் கூட்டிவந்து மேட்டில் நிறுத்தினார். அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"நம்ம கூடத்தைவிட நல்லாயிருக்குங்க" என்றாள். பிறகு, "மாடு எங்கே நிக்கும்?" என்று கேட்டாள்.

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

விதை தூவினார்கள். மழை வந்தது. வழவழப்பான சரிவில் மழைத்தண்ணீர் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கக்கூட இடமில்லாமல் ஓடியது. ஓடும்போது விதைகளையும் கூட்டிக்கொண்டு போனது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து ஏக்கர் மொட்டை. கீழே வாய்க்காலில் மட்டும் இடுப்பளவு புல், காற்று புக இடமில்லாமல். ஐம்பத்தைந்து ஏக்கருக்கான மேய்ச்சல் மொத்தமும் ஒன்றரை அடி அகலத்தில் நீளமாக முளைத்திருந்தது. மச்சான் வேலிக்கு வெளியே நின்று, தன் மாடுகளை ஒற்றை வரிசையில் நிற்கப் பழக்கவேண்டியதுதான் என்று சொன்னதாக, வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து சொன்னார்.

அப்போதுதான் மண் மேடம் வந்தார். மண்ணைப் பற்றிப் படித்தவர். முப்பது வயது இருக்கும். தொப்பி, கம்பி, நோட்டுப்புத்தகம். கைப்பிடி வைத்த கூரான அந்த இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தினார். இறங்கவில்லை. ஏறி நின்று அழுத்தினார். கம்பி வளைந்தது. அவர் நிமிர்ந்து சரிவை நெடுநேரம் பார்த்தார்.

"இது யார் செஞ்சது?"

இஸ்திரி ஒரு அடி முன்னால் வந்து நின்றார். பாராட்டு வாங்க நிற்கிறவர் போலத்தான் நின்றார்.

"அண்ணே, இவ்வளவு நல்லா ஒரு வேலையை நான் பார்த்ததே இல்ல" என்றார் மேடம். "இதுல புல்லு முளைக்கணும்னா புல்லுக்கும் ஒரு டோசர் வாங்கிக் குடுக்கணும்."

பிறகு உட்கார்ந்து விளக்கினார். விதைக்கு வேண்டியது பள்ளம். தண்ணீர் தேங்குகிற பள்ளம், காற்று அடித்தால் ஒதுங்க ஒரு மேடு, வேர் இறங்க இளகிய மண். டோசர் ஒவ்வொரு முறை தடத்தை அழித்துப் பின்னோக்கிப் போகும்போதும் பல டன் எடையால் மண்ணை அமுக்கி மூடி போடுகிறது. ஆகவே வண்டியின் பின்னால் இருக்கும் மூன்று இரும்பு நகங்களை இறக்கி, எல்லாவற்றையும் சரிவுக்குக் குறுக்காகக் கிழிக்க வேண்டும். பிறகு அதைக் கன்னாபின்னாவென்று மேடும் பள்ளமுமாக விட வேண்டும். இரண்டு மழைக்காலம் கழித்து அரசாங்க ஆய்வு. நாற்பது இடத்தில் சதுர மரச்சட்டம் வைத்து, அதற்குள் முளைத்த புல்லை அளப்பார்கள். முப்பத்தாறில் தேற வேண்டும். நிலத்தில் காட்டு உயிர் ஏதாவது ஒன்று குட்டி போட்டோ முட்டையிட்டோ இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இன்னும் ஐந்து வருஷம் வேலிக்குள்தான்.

இது மச்சான் காதுக்கும் போனது. அவர் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. தங்கை வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இன்னும் ஐந்து வருஷம் என்றால் மிச்சமிருக்கிற மாடுகளைத் தள்ளிவிட்டு மகன் வீட்டோடு போய்விடுகிறேன் என்று மட்டும் சொன்னார். மகன் வீடு நாலாவது மாடியில். மனைவி அவரை வழியனுப்பிவிட்டு வந்து, புருஷனுக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் அன்றைக்கு வீட்டிலிருந்த மூன்று படங்களையும் நேராக்கிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் டம்ளரை எடுத்துக் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். எட்டு மாத வேலையை ஏழு வாரத்தில் கிழித்தார்.

கிழிப்பதுகூட வந்துவிட்டது, கெடுப்பதுதான் வரவில்லை. முதல் வாரம் அவர் போட்ட பள்ளங்களை மேடம் மேட்டிலிருந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி, நூல் பிடித்த வரிசை. "அண்ணே, முட்டை அட்டை மாதிரி இருக்கு" என்றார். ஒரே வரிசையில் பள்ளம் இருந்தால் தண்ணீர் வரிசை பிடித்து ஓடும் என்றார். இஸ்திரி முயன்று பார்த்தார். கண்ணை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தார். பழைய பாட்டை முணுமுணுத்துப் பார்த்தார். தாளத்துக்குக் கை சேர்ந்துகொண்டது, பள்ளங்கள் இன்னும் ஒழுங்காயின. கடைசியில் ரேடியோவில் செய்தி வைத்தார். செய்தி வாசிப்பவர் மூச்சு விட நிறுத்தும்போதெல்லாம் பிளேடை இறக்குவது என்று முடிவு செய்தார். மனிதன் எப்போது மூச்சு விடுவான் என்று யாருக்குத் தெரியும்? வெளிநாட்டுச் செய்திகளில் பெரிய மேடுகள் வந்தன. விளையாட்டுச் செய்தியில் நெருக்கமாகச் சின்னச் சின்னப் பள்ளம். வானிலை அறிக்கை வாசிக்கும் பெண் மூச்சே விடாமல் வாசிப்பாள். அந்த இடங்களில் நீளமாக ஒன்றுமில்லாமல் போய் திடீரென்று ஒரு கிணறு இருக்கும். மேடம் பார்த்துவிட்டு, இவ்வளவு மோசமாக யாராலும் செய்ய முடியாது என்றார். இஸ்திரிக்கு அது உறைக்க ஒரு நாள் ஆனது. பிறகு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. கெடுப்பதிலும் இரண்டாம் ரகம் என்று ஒன்று உண்டு என்றும், தான் அது இல்லை என்றும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

இத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் வாசல் கேட்டை ஒட்டி அரை ஏக்கர் மூலை ஒன்று பாக்கி இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிகிற இடம். பக்கத்து ஊர்ச் சுரங்கத்துக்கு மாறிப்போன பழைய ஆபரேட்டர்கள் தினமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போவார்கள். இஸ்திரியின் மேடு பள்ளங்களைப் பார்த்து, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, கை நடுங்குவது போலவும் காட்டுவார்கள். ஒருவன் பஸ் நின்ற இடத்தில் இறங்கியே வந்து, உடம்புக்கு ஏதாவதா அண்ணே, டாக்டரைப் பாருங்க என்று உண்மையான அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனான். கிண்டலைத் தாங்கிவிடலாம். அக்கறையை எப்படித் தாங்குவது?

அந்த வாரம் மேடம் தன் அக்காவின் பிரசவத்துக்காக நாலு நாள் லீவில் போயிருந்தார். மதியம் மூன்று மணி. இஸ்திரி கருவிப்பெட்டியைத் திறந்து டம்ளரை எடுத்தார். துடைத்தார். கோடு வரை தண்ணீர் ஊற்றினார். அரை ஏக்கர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு ரேடியோ இல்லை. இரண்டு மணி நேரம். பிளேடை மிதக்கவிட்டு, தடத்தை அழித்துக்கொண்டு, பின்னோக்கி கேட் வரை வந்து நிறுத்தியபோது சாயங்கால வெயில் அந்த மூலையில் பாய் விரித்தது போல விழுந்து கிடந்தது. ஐந்தரை மணி பஸ் கேட்டைக் கடக்கும்போது மெதுவாகப் போனதாக அவருக்குத் தோன்றியது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

மழை வந்தது. பள்ளங்களில் தண்ணீர் நின்றது. பதினைந்து நாளில் பள்ளத்துக்குப் பள்ளம் பச்சை எட்டிப் பார்த்தது. ஒரு மாதத்தில் மேடுகளுக்கும் ஏறியது. கேட் பக்கத்து அரை ஏக்கர் மட்டும் நல்ல பிள்ளையாக, தன்மேல் விழுந்த எல்லாவற்றையும் கழுவி அனுப்பிவிட்டு, பொடிக்கற்கள் மினுங்க மொட்டையாகக் கிடந்தது. எப்போதோ லீவிலிருந்து திரும்பியிருந்த மேடம் அந்த மூலைக்கு வந்தார். கம்பியை ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு வட்டம் போட்டார்.

"கை அரிச்சுது மேடம்" என்றார் இஸ்திரி.

"தெரியுது அண்ணே. அடுத்த மழைக்கு முன்னாடி கிழிச்சிடுங்க."

ஆனால் அடுத்த வாரமே டோசரை வேறொரு குழிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதோ அதோ என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷம் முழுக்க இஸ்திரி மண்வெட்டியும் மரக்கட்டையுமாகப் பின்பக்கத்துப் பத்து ஏக்கரில் வேலை செய்தார். பட்டுப்போன மரங்களை அடுக்கினார், பாறைகளைக் குவித்தார், ஓணானோ முயலோ வந்து குடியேறட்டும் என்று பொந்து வைத்தார். ஒன்றும் வரவில்லை. வாடகைக்கு விட்ட வீடு காலியாகக் கிடப்பது போல எல்லாம் அடுக்கின மேனிக்கு இருந்தன. மேடம் தினமும் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் எலிப் புழுக்கை போல ஒன்றைக் கண்டு ஓடிவந்தார். பார்த்தால் மரக்கட்டையோடு வந்த விதை.

ஆய்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது டோசர் திரும்பியது. இஸ்திரி ஏறி உட்கார்ந்து நேராகக் கேட் மூலைக்குப் போனார். இரும்பு நகங்களை இறக்கினார். இரண்டடி நகர்ந்திருப்பார். ஏதோ ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு கேபின் கண்ணாடிக்கு எதிரே பாய்ந்தது, விலகியது, மறுபடி பாய்ந்தது. நெட்டைக் கால்களும் கண்ணோரம் சிவப்புமாக ஓர் ஆட்காட்டிக் குருவி. ஆள் வந்தால் ஊரைக் கூட்டுவதற்கென்றே பிறந்தது. இன்னொன்று தரையில் இறகை விரித்து, அடிபட்டது போல நொண்டிக் காட்டியது. இஸ்திரி என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். குனிந்து, தன் வேலையைத் தானே சோதிப்பது போல அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனார். பொடிக்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக, புள்ளி போட்ட நாலு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒரு துரும்பு இல்லை. மொட்டைத் தரை, அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. நாலு பக்கமும் எவன் வருகிறான் என்று தெரிய வேண்டும். அவர் மரக்கட்டையும் பாறையும் சுமந்து வைத்த பத்து ஏக்கரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வண்டியைத் திருப்பாமல் அப்படியே பின்னால் எடுத்து, வந்த தடத்திலேயே வெளியே வந்தார். போய் மேடத்திடம் சொன்னார். மேடத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது மேய்ச்சல் பகுதி. குருவி இருக்கவேண்டியது பத்து ஏக்கரில். கணக்கில் சேர்ப்பார்களா மாட்டார்களா என்பது வருகிற அதிகாரியைப் பொறுத்தது. மேலாளர் அவ்வளவு யோசிக்கவில்லை. வரைபடத்தில் அந்த மூலைக்கு வேறு வண்ணம் அடித்துவிடலாம் என்றார். இஸ்திரியின் தோளில் கை போட்டு, அதிகாரி கேட்டால் அந்த இடத்தைத் திட்டப்படிதான் அப்படி வைத்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். மேடம் நோட்டை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். 

ஆய்வு நாளில் மச்சானும் வந்தார். நிலத்துக்காரர் என்ற முறையில் வரலாம். பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஒல்லியான மனிதர், குடையும் ஒரு மீட்டர் சதுர மரச்சட்டமும் வைத்திருந்தார். உழவு நிலத்தில் பயறு விளைந்திருந்ததைப் பார்த்து டிக் போட்டார். மேய்ச்சலில் இறங்கியதும் வெளிநாட்டுச் செய்தியில் தடுக்கினார், விளையாட்டுச் செய்தியில் இரண்டு முறை காலை மடக்கினார், வானிலை அறிக்கையில் இடுப்பு வரை இறங்கிப்போய் மேடம் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் எழுந்து, காலைத் தட்டிவிட்டு, பிரமாதம் என்றார். முப்பத்தெட்டு இடம் முடிந்தபோது முப்பத்தாறு தேறியிருந்தது. இஸ்திரி மச்சானைப் பார்த்தார். மச்சான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பத்து ஏக்கர். அதிகாரி ஒவ்வொரு மரக்கட்டையாக நகர்த்திப் பார்த்தார். டார்ச் அடித்துப் பொந்துக்குள் பார்த்தார். ஒரு பல்லிகூட அவருக்கு மரியாதை செய்யவில்லை. பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. இன்னும் இரண்டு இடம் புல் அளக்க இருக்கிறது, அதை முடித்துவிட்டுச் சேர்த்து எழுதுகிறேன் என்றார். அந்த இரண்டும் கேட் மூலையில்.

சட்டத்தைத் தரையில் வைக்க அவர் குனிந்ததும் ஆட்காட்டி அவர் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிவிட்டது. அவர் நிமிர்வதற்குள் இரண்டாவது வந்தது. குடையை விரித்து அதன் அடியில் உட்கார்ந்து, மெதுவாக நகர்ந்து, கற்களைப் பார்த்தார். நாலு முட்டைகளையும் எண்ணினார். எழுந்தபோது சுற்றிலும் பார்த்தார்.

"இந்த இடம் மட்டும் எப்படி இப்படி இருக்கு?"

மேலாளர் இஸ்திரியின் முதுகில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இஸ்திரி தொண்டையைச் செருமினார். திட்டப்படி என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் முப்பத்தைந்து வருஷத்தில், சாய்ந்த தரையைச் சமம் என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது கெட்டுப்போன வேலையை நல்ல வேலை என்று சொல்ல நாக்கு வளையவில்லை. அதுவும் மச்சான் எதிரில்.

"நான் கெடுத்ததுங்க சார்" என்றார். "மேடு பள்ளமா விடச் சொன்னாங்க. மேடம் லீவுல இருந்தப்ப, நாலு பேர் பாக்கற இடமாச்சேன்னு இஸ்திரி போட்டுட்டேன். அதான் புல்லு வரல. குருவி வந்தது என் வேலை இல்ல."

மேலாளர் வானத்தைப் பார்த்தார். மச்சான் முதல் முறையாக நிலத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

அதிகாரி பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். நிலத்தின் எல்லைக்குள் என்றுதான் போட்டிருக்கிறதே தவிர எந்தப் பகுதி என்று போடவில்லை என்றார். புல் இரண்டு இடத்திலும் தவறு, அதனால் மொத்தம் முப்பத்தாறு, போதும். காட்டு உயிர், உண்டு. எழுதினார். ஒரு கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. வாழிடம் உருவாக்கிய முறை என்று அங்கே கேட்டிருந்தது. தவறுதலாக என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தேர்ந்த ஓட்டுநரால் கனரக வண்டி கொண்டு நேர்த்தியாக இறுக்கப்பட்ட வெற்றுத்தரை' என்று எழுதினார். அதன் கீழே ஒரு நிபந்தனையும் சேர்த்தார். இந்தக் குருவிகள் பழகிய இடத்துக்கே வருஷா வருஷம் வரும். ஆகவே அந்த அரை ஏக்கரில் இனி ஆளோ மாடோ கால் வைக்கக் கூடாது.

அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனது. மூன்று வாரத்தில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. மற்ற குழிகளிலும் இதே ஓட்டுநரைக் கொண்டு தலா அரை ஏக்கர் இதே போல இறுக்க வேண்டும் என்று இருந்தது. மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். இஸ்திரி அந்தப் பக்கம் போகும்போது அது கோணலாக இருப்பதைப் பார்த்தார். நேராக்கவில்லை.

நிலத்தை ஒப்படைக்கிற நாள் காலையில் மச்சான் பத்தொன்பது மாடுகளையும் ஓட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கூடவே தங்கையும். கேட்டில் புது அறிவிப்புப் பலகை தொங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம், எவனும் கால் வைக்கக் கூடாத அரை ஏக்கர், அதன் நடுவில் ஒரு குருவி ஒற்றைக் காலில். கேட்டுக்குள் போனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே மேற்கு வேலியை ஒரு கிலோமீட்டர் தள்ளி வெட்டித் திறந்துவிட்டிருந்தார்கள். இஸ்திரி விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப சாவி எனக்கு, கேட் குருவிக்கு" என்றார் மச்சான்.

"ஆமா மச்சான்."

"நான் சாகற வரைக்கும் தினமும் உங்க இஸ்திரியைப் பாத்துட்டுச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

"ஆமா மச்சான்."

சுற்றிக்கொண்டு போனார்கள். மாடுகள் வெட்டிய வேலி வழியாக நுழைந்து, கொஞ்சம் தயங்கி, முதல் பள்ளத்தில் இறங்கின. ஒரு கிழட்டுப் பசு முன்னங்கால் மடங்கி, சமாளித்து எழுந்து, எழுந்த இடத்திலேயே தலையைக் குனிந்தது. புல் அறுபடும் சத்தம் கேட்டது. மனைவி மாடுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

மச்சான் நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். நேரான ஒரு கோடு கிடைக்கவில்லை.

"என்ன மாப்ளே, இவ்வளவு கரடுமுரடா பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார். "வயசாச்சா? கை நடுங்குதா?"

இஸ்திரி சட்டைப் பையில் கைவிட்டுக் கேட் சாவியை எடுத்து, தன் கசங்கின சட்டையில் ஒருமுறை துடைத்து, நீட்டினார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள், அந்த ஒரு வரித் தாளுக்குப் பக்கத்தில் போட்டு மடித்துக்கொண்டார்.